ஒட்டுக் கத்திக்கு ஓர் ஒல்லியான இடுப்புறை: நான்கு முறை செய்து பார்த்தது

ரப்பர்க் கன்றுக்கு ஒட்டுக் கட்டும்போது கத்தியைப் பிடித்திருக்கும் நேரத்தைவிட, அதை எங்கே வைப்பது என்று தடுமாறும் நேரமே எனக்கு அதிகமாக இருந்தது. அடிக்கன்றின் பட்டையைச் சன்னல் போலக் கீறிவிட்டு, பால் வடிந்து உறையும் வரை அடுத்த கன்றுக்குப் போக வேண்டும். பத்துப் பன்னிரண்டு கன்றுகளைக் கீறிய பின் முதல் கன்றுக்குத் திரும்பி வந்து, பாலைத் துடைத்து, பட்டையைத் தூக்கி, மொட்டுள்ள துண்டைச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் கீழிருந்து மேலாகச் சுற்றிக் கட்ட வேண்டும். சுற்றுவதற்கு இரண்டு கைகளும் தேவைப்படும். அந்த நேரத்தில் கத்தியைப் பல்லில் கடித்துக்கொள்பவர்கள் உண்டு. கன்றுப் பையின் மண்ணில் குத்தி வைப்பவர்களும் உண்டு. நான் மண்ணில் குத்துகிறவன். மண் பட்ட கத்தியால் மொட்டைச் சீவினால் ஒட்டு அழுகிப்போகும் என்று நாற்றங்கால் அண்ணன் பல முறை சொல்லியும் திருந்தாமல் இருந்தேன். சென்ற ஆண்டின் இறுதியில் ஒரு கத்தியைக் கன்றுப் பையோடு சேர்த்தே லாரியில் ஏற்றி அனுப்பிவிட்ட பிறகுதான் இடுப்புக்கு ஓர் உறை செய்துகொள்ள வேண்டும் என்ற புத்தி வந்தது.

நான் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு தோட்டப்புறம். தோட்டக் கணக்கெழுதும் கிராணி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனின் நாற்றங்காலில் ஒட்டுக் கட்டுவது எனக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. சுற்று வட்டாரத்தில் பல இடங்களில் பால் மரம் போய்ச் செம்பனை என்கிற எண்ணெய்ப் பனை வந்துவிட்டாலும், சிறு நிலம் வைத்திருப்பவர்கள் இன்னும் ரப்பர்க் கன்று கேட்டு வருகிறார்கள். என் கத்தி பழைய இயந்திர ரம்பத் தகட்டைத் தீட்டிச் செய்தது. அலகு ஆறு சென்டிமீட்டர், பிடியோடு சேர்த்துப் பதினேழு. மடக்குக் கத்தி வாங்கினால் உறையே தேவையில்லையே என்று கேட்கலாம். மடக்கும் மூட்டில் பால் இறங்கி உறைந்துவிட்டால், அந்தக் கத்தியைத் திறக்க இன்னொரு கத்தி வேண்டும்.

உறையின் வடிவத்தை நான் கற்றது எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து. அமெரிக்காவில் உரிமம் பெற்றுச் சிறு கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்பவர்கள் பயன்படுத்தும் மிகச் சிறிய உறைகளைப் பற்றி ஒரு காணொளியில் பார்த்தேன். அவற்றுள் சில துப்பாக்கி முழுவதையும் மூடுவதில்லை. விசையையும் அதைச் சுற்றியுள்ள வளையத்தையும் மட்டும் ஒரு பிளாஸ்டிக் ஓடு கவ்விப் பிடித்துக்கொள்கிறது. விசையில் விரலோ துணியோ படக்கூடாது, தலைகீழானாலும் துப்பாக்கி விழக்கூடாது, ஆனால் வேண்டியபோது ஒரே இழுப்பில் கைக்கு வர வேண்டும். இம்மூன்றும் நிறைவேறினால் மற்றதெல்லாம் வெறும் கனம் என்பது அவர்களுடைய கணக்கு. இதைப் பார்த்ததும் என் கத்திக்கும் கூர்முனையையும் அலகையும் மூடி, பிடியின் கழுத்தைக் கவ்வினால் போதும் என்று தோன்றியது.

நம் நாட்டில் துப்பாக்கி விஷயம் வேறு. 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 1971-ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டமும் இருக்கும் இடத்தில் அது சாமானியர்களின் கைக்கு எட்டும் பொருளன்று. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்கப் பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலத்துக்கு வழிவகுத்த ஊர்களில் ஒன்று எங்களுடையது. 1948 ஜூன் 16 அன்று மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் இவ்வட்டாரத்தில்தான் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு, தொழிலாளர்களைக் காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்துக்கு வந்த துரையின் இடுப்பில் தொங்கிய தோல் கூட்டைப் பற்றி என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். கத்தியையும் அப்படி எண்ணியபடி எடுத்துச் செல்ல முடியாது. தக்க காரணமின்றிப் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் குற்றமாகலாம். ஆகவே ‘மறைவு’ என்று நான் சொல்வதெல்லாம் உடம்போடு ஒட்டியிருந்து கிளையிலும் நாடாவிலும் மாட்டாமல் இருப்பதைத்தான். நாற்றங்காலை விட்டுக் கிளம்பும்போது உறையோடு கழற்றிக் கருவிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவேன்.

முதல் உறையைத் தோலில் செய்தேன். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட மூன்று மில்லிமீட்டர்த் தோல் துண்டு ஒன்றை வரவழைத்தேன். குரோம் உப்பில் பதனிட்ட தோல் இரும்பை அரித்துவிடும் என்பதால் அதைத் தவிர்த்தேன். பட்டணத்துக் கடைவரிசை ஓரத்தில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் என் வரைபடத்தைக் காட்டியபோது, அவர் அதைப் பார்க்காமல் கத்தியைத்தான் வாங்கிப் பார்த்தார். “தம்பி, கூர் வர்ற பக்கம் நடுவுல ஒரு பட்டை வெச்சுத் தைங்க. இல்லேன்னா ஒரே மாசத்துல கத்தி நூலையே அறுத்துப் போட்டுடும்,” என்றார். அப்படியே இடைப்பட்டை வைத்து, மெழுகிட்ட ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கமிருந்தும் ஊசியைச் செலுத்தித் தைத்தேன். இந்தத் தையலில் ஓரிடத்தில் ஓர் இழை அறுந்தாலும் மற்ற இழை பிடித்துக்கொள்ளும். பிறகு உறையை வெதுவெதுப்பான நீரில் குமிழி அடங்கும் வரை ஊறவைத்து, சமையலறை பிளாஸ்டிக் தாளில் சுற்றிய கத்தியை உள்ளே செருகி, ஒரு கரண்டியின் முதுகால் பிடியின் கழுத்தைச் சுற்றி அழுத்தி அழுத்தி உருவம் எழுப்பினேன். நிழலில் ஒன்றரை நாள் காய்ந்தபின் கத்தி அதில் அழகாக உட்கார்ந்தது. நாற்பத்தாறு கிராம் எடை. பார்க்கவும் இதுதான் நன்றாக இருந்தது என்பதை இப்போதும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மூன்றாவது ஞாயிறுக்குள் அது தோற்றுவிட்டது. ரப்பர்ப் பால் தோலுக்குள் ஊறி உறைந்து, கழுவவும் முடியாமல் சுரண்டவும் முடியாமல் நாற்றமெடுத்தது. மழை நாட்களில் மடிப்புகளில் பச்சைப் பூசணம் படர்ந்தது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். கத்தி வெளியே இருக்கும்போது கால்சட்டையின் இறுக்கத்தில் உறையின் வாய் ஒட்டிக்கொள்வதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு முறை குனிந்த நிலையில், பார்க்காமல் கத்தியைத் திரும்பச் செருகினேன். முனை வாய்க்குள் போகாமல் உறைக்கும் துணிக்கும் நடுவே இறங்கி, இடுப்பில் இரண்டு அங்குலத்துக்குக் கோடு போட்டது. ஆழமில்லாத கீறல்தான். ஆயினும் துப்பாக்கி உறைகளைப் பற்றி அவர்கள் திரும்பத் திரும்ப எச்சரித்தது அப்போதுதான் உறைத்தது: தளர்ந்த தோல் உறையின் விளிம்பு உள்பக்கம் மடிந்தால், துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது அதுவே விசையை அழுத்திவிடக்கூடும். வாய் எப்போதும் திறந்தே நிற்கும் கெட்டியான பொருள் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இரண்டாவது முயற்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரும்புக் கடையில் கிடைத்த பிவிசி தண்ணீர்க் குழாயைச் சுடுகாற்றுக் கருவியால் இளக்கி, நீளவாக்கில் அறுத்து, தட்டையாக்கி, கத்தியின் மேல் மடித்து அழுத்தினேன். பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும் என்பதால் இதை வீட்டுக்கு வெளியேதான் செய்ய வேண்டும். செலவு ஏறக்குறைய எதுவும் இல்லை. பிடிமானமும் முதலில் நன்றாகவே இருந்தது. ஆனால் நண்பகல் வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் கிடந்த உறை மாலையில் தளர்ந்துபோய், தலைகீழாகப் பிடித்ததும் கத்தி தரையில் விழுந்தது. அதோடு அதை விட்டுவிட்டேன்.

மூன்றாவதற்குக் கைடெக்ஸ் தகடு வாங்கினேன். 1965-இல் வந்த இந்தப் பொருள் பிவிசியும் அக்ரிலிக்கும் கலந்தது. இளகுவதற்குக் குழாய்ப் பிவிசியைவிட மிகுந்த சூடு கேட்கும். இரண்டு மில்லிமீட்டர்த் தடிமனுள்ள தகட்டை மனைவியின் கேக் அடுப்பில் 170 பாகையில் வைத்தேன். “ஏங்க, இனிமே அதுல கேக் சுட்டா நீங்கதான் முதல்ல சாப்பிடணும்,” என்று சொல்லிவிட்டு அவர் சன்னல்களைத் திறந்துவிட்டார். தகடு ஈரத்துணி போலத் தொய்ந்ததும் கத்தியின் மேல் மடித்து, இரண்டு பலகைகளில் ஒட்டிய தடித்த நுரைக்கு நடுவே வைத்து, இறுக்கிகளால் முறுக்கிப் பத்து நிமிடம் விட்டேன். இதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு சிறு வேலையை முதல் தகட்டை வீணாக்கிய பிறகே கற்றுக்கொண்டேன்: கூர் வரும் விளிம்பின்மீது மூன்று சுற்றுக் காகித நாடா ஒட்ட வேண்டும். இல்லையென்றால் உறையின் உட்புறம் கூரைத் தொட்டுக்கொண்டே இருந்து, ஒவ்வொரு இழுப்பிலும் அதை மழுக்கும். அடியில் ஒரு வடிதுளையும் போட்டேன். பால் உள்ளே போனாலும் காய்ந்தபின் மெல்லிய ரப்பர்த் தோலாக உரிந்து வந்துவிடுகிறது.

பிடிமானத்தைச் சரிசெய்யத்தான் அதிக நேரம் ஆயிற்று. மீன் நிறுக்கும் தொங்கு தராசைப் பிடியில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். முதலில் 3.4 கிலோ காட்டியது. அவ்வளவு இழுத்தால் உறையும் சேர்ந்து கிளம்பும், கையும் எகிறும். கழுத்துப் பகுதியை மட்டும் சுடுகாற்றில் இளக்கி விரலால் ஒரு மயிரளவு தளர்த்தி, ஆறவிட்டு, மறுபடியும் நிறுத்தேன். ஐந்து முறைக்குப் பிறகு 1.8 கிலோவில் நின்றது. செருகும்போது ‘டக்’ என்று ஓசை கேட்கிறது. மெத்தையின் மேல் தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் விழவில்லை.

ஆனால் இடுப்பில் மாட்டும் முறையில் மூன்றாவது உறை என்னை ஏமாற்றியது. மிகச் சிறிய துப்பாக்கி உறைகளில் சிலவற்றுக்குக் கிளிப்பே கிடையாது. ஒரு கயிற்றை பெல்ட்டில் கட்டி, உறையைக் கால்சட்டைக்குள் செருகிக்கொள்வார்கள். இழுக்கும்போது கயிறு நீண்டு நின்று உறையைக் கழற்றிவிடும். இதைவிட எளிமையானது இருக்க முடியாது என்று மகிழ்ந்து நானும் அப்படியே செய்தேன். முதல் இழுப்பு அருமையாக இருந்தது. அதன் பிறகு உறை கயிற்றில் ஆடிக்கொண்டிருக்க, கத்தியை மறுபடி செருக ஒரு கை உறையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அன்று நூற்றறுபது கன்றுகள். கீற ஒரு முறை, மொட்டுச் செருக ஒரு முறை என்று கன்றுக்கு இரு முறை வைத்துக்கொண்டாலும் முந்நூற்று இருபது இழுப்பு, முந்நூற்று இருபது செருகல். எண்பதாவது கன்றில் கயிற்றை அறுத்துவிட்டு, பழையபடி மண்ணில் குத்த ஆரம்பித்தேன். துப்பாக்கி வைத்திருப்பவர், இழுக்கும் நாள் தம் வாழ்நாளில் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறவர்; அவருடைய உறை ஓர் இழுப்புக்காகச் செய்யப்பட்டது. என் வேலைக்கு இழுப்பதைவிடத் திரும்ப வைப்பதே முக்கியம். வடிவத்தைக் கடன் வாங்கிய நான் இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

நான்காவது உறை மூன்றாவதன் ஓடுதான். கயிற்றுக்குப் பதிலாக இரண்டு திருகுகளால் பூட்டிய கிளிப், அத்தோடு வாயின் ஒரு பக்கத்தை மறுபக்கத்தைவிட ஒரு சென்டிமீட்டர் உயர்த்தி விட்ட விளிம்பு. கத்தியின் முனையை அந்த உயர்ந்த விளிம்பில் சாய்த்துக் கீழே தள்ளினால், கண்ணால் பார்க்காமலே உள்ளே போய்விடுகிறது. கிளிப்போடு சேர்த்து இருபத்தேழு கிராம்.

அடுத்து எங்கே மாட்டுவது என்ற கேள்வி வந்தது. துப்பாக்கிக்காரர்கள் இதைக் கடிகார முள்ளாகக் கணக்கிடுகிறார்கள். தொப்புள் பன்னிரண்டு மணி. அவர்களில் பலர் விரும்பும் ஒரு மணி இடத்தில் வைத்துப் பார்த்தேன். நிற்கும்போது சுகமாக இருந்தது. கன்றின் அடியில் குந்தியவுடன் பிடியின் நுனி வயிற்றில் குத்தியது. ஒட்டுக் கட்டுபவருடைய நாளில் முக்கால்வாசி குந்தலிலும் குனிதலிலும் போகிறது. நான்கு மணியில் வைத்தால் குந்தும்போது தொந்தரவில்லை, ஆனால் கை பின்னால் வளைய வேண்டியிருந்தது. மாலையில் தோள் வலித்தது. கடைசியில் இடப்பக்கம் பத்து மணியளவில், பிடி வலக்கையைப் பார்க்கும்படி கிளிப்பைப் படுக்கைவாட்டில் திருப்பிப் பூட்டினேன். குந்தினாலும் தொடைக்கும் விலாவுக்கும் நடுவே கத்தி படுத்துக்கொள்கிறது. சட்டையை வெளியே விட்டால் அது இருப்பதே தெரிவதில்லை.

ஐந்து ஞாயிறுகள் ஆகிவிட்டன. ஓட்டில் கீறல்கள் விழுந்திருக்கின்றன, பிடிமானம் தராசில் 1.7 காட்டுகிறது. இரண்டாவது ஞாயிறன்று கிளிப்பின் திருகு ஒன்று கழன்று கன்றுகளுக்கு நடுவே விழுந்துவிட்டது, தேடிக் கிடைக்கவில்லை. புதுத் திருகு போட்டு, அதன் மரைமேல் மனைவியின் நகப்பூச்சில் ஒரு சொட்டு விட்டு முறுக்கினேன். அது இதுவரை அசையவில்லை. நாற்றங்கால் அண்ணன் தன் கத்தியை மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் இடக்கைக்காரர், உயர்ந்த விளிம்பை மறுபக்கம் மாற்றி வெட்ட வேண்டும்.