ஏழாவது இருக்கையிலிருந்து ஒரு சீசன்

2023 ஆகஸ்ட் 6, ஞாயிறு இரவு. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து வீரர்களை முறைவைத்து எடுத்து ஆளுக்கொரு அணி அமைத்து, நிஜ ஆட்டங்களில் அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி சேர்க்கும் டிராஃப்ட் விளையாட்டில் எங்கள் எட்டுப் பேர் குழுவுக்கு இது இரண்டாவது ஆண்டு. முதல் ஆண்டில் பிடித்த நடுக்கள வீரர்களை வரிசையாக அள்ளிவிட்டுக் கடைசியில்தான் முன்கள வீரர்களிடம் வந்தேன். அதற்குள் மிஞ்சியிருந்தவர்கள் பெரும்பாலும் பெஞ்சில் உட்காருபவர்கள். அந்த வருத்தம் ஆறாததால், இந்த முறை ஒரு நோட்டுப் போட்டுக் கணக்குப் பார்த்தேன்.

டிராஃப்டில் ஒரு வீரர் ஒருவருடைய அணியில் மட்டுமே இருக்க முடியும். வீரர்களுக்கு விலை கிடையாது, கேப்டனுக்கு இரட்டிப்புப் புள்ளியும் கிடையாது. ஆளுக்கு 15 பேர்: இரண்டு கோல்கீப்பர், ஐந்து தற்காப்பு, ஐந்து நடுக்களம், மூன்று முன்களம். ஆக எங்கள் எட்டு அணிகளுக்கும் சேர்த்து 24 முன்கள வீரர்கள் தேவை. ஆனால் 20 கிளப்புகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு முன்கள வீரரைத்தான் இறக்குகின்றன. அதாவது எல்லோருக்கும் போதாது. கோல்கீப்பர் கணக்கு நேர்மாறு: தேவை 16, வாரந்தோறும் ஆடுபவர்கள் 20. அவர்களுக்கு அவசரமே இல்லை.

எனக்குக் கிடைத்தது ஏழாவது இருக்கை, அதாவது முதல் சுற்றில் ஏழாவதாக வீரரை எடுக்கும் இடம். வரிசை ஒவ்வொரு சுற்றிலும் பாம்பு போல வளைந்து திரும்புவதால் என் முறைகள் 7, 10, 23, 26, 39, 42 என்று வந்தன. 10க்கும் 23க்கும் நடுவே பன்னிரண்டு பேர் போய்விடுவார்கள். 7க்கும் 10க்கும் நடுவே இரண்டே பேர், அந்த இருவரையும் எடுப்பவர் எட்டாவது இருக்கை நண்பர் ஒருவரே. இந்த இருக்கையின் உண்மையான பலம் அதுதான். 39இல் எனக்கு ஒரு முன்கள வீரரும் ஒரு தற்காப்பு வீரரும் வேண்டியிருந்தது. நண்பரின் பட்டியலைப் பார்த்தேன்: மூன்று தற்காப்பு வீரர்களை ஏற்கெனவே எடுத்திருந்தார், முன்களத்தில் ஒருவர்தான். எனவே 39இல் போர்ன்மத்தின் டொமினிக் சொலாங்கியை முதலில் எடுத்தேன். எதிர்பார்த்தபடியே அவர் இரண்டு முன்கள வீரர்களை எடுத்தார். நான் குறித்து வைத்திருந்த தற்காப்பு வீரர் 42 வரை எனக்காகக் காத்திருந்தார். அந்தச் சீசனில் சொலாங்கி 38 ஆட்டங்களிலும் ஆடி 19 கோல் அடித்தார். 23இல் எடுத்த ஆலி வாட்கின்ஸும் 19 கோல். 26இல் வந்த ஆர்சனலின் தற்காப்பு வீரர் வில்லியம் சலிபா லீக்கில் ஒரு நிமிடம்கூடத் தவறவிடவில்லை. கோல்கீப்பர்களைக் கடைசி இரண்டு சுற்றுகளில்தான் எடுத்தேன். ஒரு குறையும் வரவில்லை.

சறுக்கியது முதல் தேர்வு. 7இல் மான்செஸ்டர் சிட்டியின் கெவின் டி புருய்னா, 10இல் டாட்டன்ஹாமின் சோன் ஹியுங்-மின். ஆகஸ்ட் 11 அன்று பர்ன்லியுடனான முதல் ஆட்டத்திலேயே, அரை மணி நேரம் ஆவதற்குள், டி புருய்னா தொடைத் தசையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். ஹாரி கேனை எடுத்திருந்த இன்னொரு நண்பருக்கு நிலைமை இதைவிட மோசம்: மறுநாளே கேன் பிரீமியர் லீக்கை விட்டே ஜெர்மனியின் பயர்ன் கிளப்புக்குப் போய்விட்டார். அவர் கிளப் மாறக்கூடும் என்ற பேச்சு ஊரறிந்தது. முதல் சுற்றில் அந்த அபாயத்தை நான் தொட்டிருக்க மாட்டேன்.

செப்டம்பர் முழுவதும் டி புருய்னா பெஞ்சில் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தார். விடவும் மனமில்லை, விட்டால் வேறொருவர் எடுத்துக்கொள்வார். அக்டோபர் 7 அன்று, செப்டம்பர் முதல் தேதிதான் செல்சிக்கு வந்திருந்த கோல் பாமர், பர்ன்லிக்கு எதிராகப் பெனால்டி அடித்தார். கோலைவிட, பெனால்டியை அடிக்க அவரை விட்டார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. நடுக்கள வீரர் அடிக்கும் கோலுக்கு 5 புள்ளி, முன்கள வீரருக்கு 4. பெனால்டி அடிக்கும் நடுக்கள வீரர் எவருடைய அணியிலும் இல்லாமல் கிடக்கிறார்! அடுத்த ஆட்டத்துக்கு இரண்டு வார இடைவெளி இருந்தது. டி புருய்னாவை விடுவித்துப் பாமரைக் கேட்டேன், கிடைத்தார். அவர் சீசனை முடித்தது 22 கோல்களுடன். அதில் ஒன்பது பெனால்டி.

ஜனவரியில் சோன் தென் கொரியாவுக்காக ஆட ஆசியக் கோப்பைக்குப் போனார். டிராஃப்ட் நாளிலேயே தெரிந்த தேதி அது. ஆனால் நோட்டில் நான் குறிக்கவில்லை. மூன்று லீக் ஆட்டங்கள் கைவிட்டுப் போயின. அதே ஜனவரி 13 அன்று டி புருய்னா நியூகாசிலில் மாற்று வீரராக இறங்கி ஒரு கோல் அடித்து, கடைசி நிமிடங்களில் வெற்றி கோலுக்கும் பந்து கொடுத்தார், இன்னொருவரின் அணிக்காக. அன்று மனம் வலித்தது உண்மை. ஆனாலும் அந்த மாற்றத்தைத் தவறென்று நான் இன்றும் நினைக்கவில்லை.

ஏப்ரல் 15 எவர்ட்டன் ஆட்டம் இங்கே நள்ளிரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கியது. பாமர் மூன்று கோல் அடித்திருந்த நிலையில் செல்சிக்குப் பெனால்டி. சக வீரர்கள் இருவர் பந்துக்காக மல்லுக்கு நின்றார்கள். கேப்டன் கேலகர் பந்தைப் பிடுங்கிப் பாமர் கையில் கொடுத்தார். நான் எழுந்தே நின்றுவிட்டேன். நான்காவதும் உள்ளே போனது.

எட்டுப் பேரில் மூன்றாவதாக முடித்தேன். அடுத்த டிராஃப்டுக்கு நோட்டில் புதிதாக இரண்டு கட்டங்கள் போட்டிருக்கிறேன்: நாட்டுக்காக ஆடப் போகும் தேதிகள் ஒன்றில், ஒவ்வொரு கிளப்பிலும் பெனால்டி அடிப்பவர் யார் என்பது மற்றொன்றில். இரண்டாவது கட்டத்தில் ஏழு கிளப்புகளுக்கு நேரே இன்னும் பெயர் எழுதவில்லை.