ஃப்ரீலான்ஸ் தளத்தில் இரண்டு பக்கமும் நின்று பார்த்தது

2019 ஜூனில் பள்ளி ஆசிரியை வேலையை விட்டேன். அப்பாவுக்குப் பக்கவாதம். ஸ்ரீரங்கத்து வீட்டைவிட்டு அரை நாள்கூட நகர முடியாத நிலை. வீட்டிலிருந்தே ஆங்கிலம்–தமிழ் மொழிபெயர்ப்பு செய்யலாம் என்று ஒரு ஃப்ரீலான்ஸ் வேலைத் தளத்தில் கணக்கு தொடங்கினேன். முதல் பணம் வங்கிக்கு வந்து சேர நான்கு மாதம் பிடித்தது. அதில் பட்டதையும், மூன்று வருடம் கழித்து அதே தளத்தில் நானே வேலை கொடுக்கப் போனபோது கண்டதையும் எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு உதவும். இப்படித் தளம் நடத்துகிறவர்கள் யாராவது படித்தால் இன்னும் நல்லது.

முதல் தடை என் பெயர். தளத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். நமக்கு ஏது கடைசிப் பெயர்? பான் கார்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராக நிற்கிறது, வங்கிப் பாஸ்புக்கில் வெறும் இனிஷியல், ஆதாரில் இனிஷியல் பின்னால். மூன்றும் ஒரே ஆள் என்று நம்ப மறுத்து அடையாளச் சரிபார்ப்பை மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் வங்கிக்குப் போய் பான் கார்டில் உள்ளபடி பெயரை மாற்றி வாங்கிய பிறகுதான் வேலை நடந்தது. கணக்கு தொடங்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள், மூன்று வாரம் மிச்சம். அமெரிக்கத் தளமென்றால் டபிள்யூ-8பென் என்றொரு படிவமும் கேட்பார்கள். அமெரிக்காவில் வரி கட்டும் ஆள் நான் இல்லை என்று சொல்வது அது, பயப்பட ஒன்றுமில்லை.

அடுத்து விண்ணப்பம். ஒவ்வொன்றுக்கும் சில டோக்கன், அதாவது விண்ணப்பிக்கத் தளம் தரும் புள்ளிகள், செலவாகும். இலவசமாகக் கொடுத்தது இரண்டு வாரத்தில் தீர்ந்தது, பிறகு காசு கொடுத்து வாங்கினேன். முதல் இரண்டு மாதத்தில் 31 வேலைக்கு எழுதினேன். நோட்டில் தேதி போட்டுக் குறித்து வைத்திருந்ததால் எண்ணிக்கை துல்லியமாகத் தெரியும். அதில் 17 வேலைக்கு யாரையுமே எடுக்கவில்லை. விளம்பரம் அப்படியே கிடந்து காலாவதியானது. என் டோக்கன் போனது போனதுதான். வேலை கொடுப்பவருக்கு விளம்பரம் போட ஒரு பைசா செலவில்லை, கேட்பவருக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் செலவு. இந்தச் சாய்வை முதலில் சரிசெய்ய வேண்டும். யாரையும் எடுக்காமல் மூடிய விளம்பரத்துக்கு விண்ணப்பித்தவர்களின் டோக்கன் தானாகத் திரும்பி வர வேண்டும்.

ஆகஸ்டில் ஒரு விளம்பரம் வந்தது. நீரிழிவு நோயாளிகளுக்கான உணவுப் புத்தகம், 40,000 சொல். "தரம் பார்க்க 800 சொல் சாம்பிள் மட்டும் செய்து கொடுங்கள்" என்று ஒரு கோப்பு அனுப்பினார்கள். கேழ்வரகும் சாமையும் வரும் பகுதி. அப்பாவுக்கும் சர்க்கரை என்பதால் எல்லாம் வாயிலேயே இருந்த சொற்கள். இரவு இரண்டு மணிவரை உட்கார்ந்து ஆசையாகச் செய்து அனுப்பினேன். பதிலே இல்லை. பத்து நாள் கழித்து, மொழிபெயர்ப்பாளர் வாட்ஸப் குழுவில் பழக்கமான மதுரைப் பெண் போன் செய்தாள்.

"அக்கா, உங்களுக்கும் அந்தச் சர்க்கரை வியாதி புத்தகம் சாம்பிள் வந்துச்சா?"

"வந்துச்சும்மா. உனக்கு எந்த இடம்?"

"சாமைப் பொங்கல் பாதியில ஆரம்பிக்குதுக்கா."

என் கோப்பு சாமைப் பொங்கலின் பாதியில்தான் முடிந்திருந்தது. புத்தகத்தைத் துண்டு துண்டாக வெட்டி, விண்ணப்பித்த ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டைச் சாம்பிளாக வாங்கியிருக்கிறார்கள். இருவரும் கொஞ்ச நேரம் பேசாமலே போனைப் பிடித்துக்கொண்டிருந்தோம். புகார் கொடுத்தோம். ஒப்பந்தம் ஆகாத வேலைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று தளம் பதில் எழுதியது. அன்றிலிருந்து 150 சொல்லுக்கு மேல் யாருக்கும் இலவசச் சாம்பிள் கொடுத்ததில்லை. கேட்டால், "சிறிய கட்டண வேலையாகப் போடுங்கள், செய்கிறேன்" என்று எழுதுவேன். உண்மையாக வேலை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். இதைத் தளமே விதியாக்கலாம். சாம்பிள் வேண்டுமென்றால் அதற்கான பணத்தைக் கட்டிவிட்டுத்தான் கோப்பை ஏற்ற முடியும் என்று வைத்தால் இந்தத் திருட்டு அன்றே நின்றுபோகும்.

அக்டோபரில் முதல் வேலை கிடைத்தது, அதிலும் ஒரு பாடம். சொல்லுக்கு இவ்வளவு என்று பேசினோம். எந்த மொழிச் சொல் என்று பேசவில்லை. 'ஐ வில் நாட் பி ஏபிள் டு கம்' என்றால் ஆங்கிலத்தில் ஏழு சொல். 'என்னால் வர முடியாது' மூன்றே சொல். நான் ஆங்கிலச் சொல்லை எண்ணிக் கணக்குப் போட்டிருந்தேன், வேலை கொடுத்தவர் தமிழ்ச் சொல்லை எண்ணிப் பணம் கொடுத்தார். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போயிற்று. அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவர் ஏமாற்றவில்லை. மூலமொழியா இலக்குமொழியா என்று விளம்பரப் படிவத்திலேயே ஒரு கட்டம் இருந்திருந்தால் இருவருக்கும் சங்கடமில்லை. தமிழ்போல் ஒரே சொல்லில் பல விகுதிகள் ஒட்டிக்கொள்ளும் ஒட்டுநிலை மொழிகளுக்கு மொழிபெயர்ப்பவர்களுக்கு, இலக்குமொழிச் சொல்லை எண்ணினால் இதே இழப்புதான்.

பணம் வரும் வழி நான் பயந்த அளவுக்கு இல்லை. வேலை தொடங்கும் முன்பே அவர் முழுத்தொகையையும் தளத்திடம் கட்டியிருந்தார். வேலையை ஒப்படைத்ததும் அவர் பார்க்க 14 நாள், அதற்குள் ஒன்றும் சொல்லாவிட்டால் தானாக விடுவிக்கப்படும். வங்கிக்கு வந்ததும் அந்நியச் செலாவணி வரவுச் சான்று (ஃபைரா) கேட்டு வாங்கி வையுங்கள், வருமானவரிக்கும் பின்னால் ஜிஎஸ்டி வந்தால் அதற்கும் தேவைப்படும்.

நம் பணத்தில் தளம் பிடிக்கும் கமிஷன் அதிகம் என்று பலரும் குறைப்படுவார்கள். ஃபைவர் என்ற தளத்தில் 20 சதவீதம். அப்வொர்க் என்ற தளத்தில் 2016 முதல் ஒரு வாடிக்கையாளரிடம் முதல் 500 டாலர்வரை 20 சதவீதமாக இருந்தது, 2023 மேயில் ஒரே சீராக 10 ஆனது, 2025இல் வேலைக்கு வேலை மாறும் முறை வந்தது. என் குறை அது இல்லை. கமிஷன் எவ்வளவு என்று முன்னாலேயே தெரிகிறது, விலையில் சேர்த்துக்கொள்ளலாம். வேலையே கிடைக்காமல் கரையும் டோக்கனையும் இரவுகளையும் எந்த விலையில் சேர்ப்பது? நியூயார்க் நகரத்தில் 2017 மே முதல் ஒரு சட்டம் இருக்கிறது. 800 டாலரும் அதற்கு மேலும் உள்ள ஃப்ரீலான்ஸ் வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், தேதி குறிக்காவிட்டால் முடித்த 30 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். ஒரு நகரம் சட்டம் போட்டுச் செய்வதை, ஒரு தளம் தன் படிவத்தில் நான்கு கட்டம் சேர்த்தே செய்துவிடலாம்.

2022இல் நான் மறுபக்கம் போனேன். 120 பக்க மருத்துவக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்திருந்தேன், பக்க வடிவமைப்புக்கு ஆள் தேவைப்பட்டது. வேலைக்கான பணத்தைத் தளத்திடம் கட்டிவிட்டு விளம்பரம் போட்டேன். மூன்று மணி நேரத்தில் 58 விண்ணப்பம். முக்கால்வாசிப் பேர் தமிழ் வாசிக்கவே தெரியாதவர்கள், ஒரே கடிதத்தை எல்லா விளம்பரத்துக்கும் ஒட்டுகிறவர்கள். பத்தாவதைத் தாண்டுவதற்குள் கண் பூத்துவிட்டது. எனக்குப் பதிலே போடாத அந்த 17 பேரில் சிலராவது இப்படித்தான் திணறியிருப்பார்கள் என்று அன்றுதான் புரிந்தது.

விளம்பரத்தை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன், இந்த முறை ஒரே ஒரு கேள்வியோடு: "'கொ' என்ற எழுத்து உங்கள் மென்பொருளில் உடைந்தால் என்ன செய்வீர்கள்?" தமிழ்ப் பக்கம் வடித்தவர்களுக்கு இது அன்றாடத் தொல்லை. கொம்பு ககரத்துக்கு முன்னால் போய் நிற்காமல் பின்னால் ஒட்டிக்கொண்டு கிடக்கும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், வரி அமைக்கும் முறையை வேர்ல்டு-ரெடி கம்போசருக்கு மாற்றினால் சரியாகும். இந்த முறை ஒன்பது விண்ணப்பம்தான் வந்தது, ஒன்பதும் தமிழ் தெரிந்தவர்கள். விளம்பரம் போடுபவர் துறை சார்ந்த ஒரு கேள்வியாவது கேட்டே தீர வேண்டும் என்று தளம் வைத்தால் இரு தரப்புக்கும் பாதி நேரம் மிஞ்சும்.

மூவருக்கு இரண்டிரண்டு பக்கம் கொடுத்து, மூவருக்கும் காசு கொடுத்துப் பார்த்தேன். நன்றாகச் செய்தவர் தர்மபுரிப் பையன். மதிப்பீட்டு நட்சத்திரம் ஒன்றுகூட இல்லாததால் தளம் அவரைப் பட்டியலின் அடியில் வைத்திருந்தது. மற்ற எட்டுப் பேருக்கும் ஒரே சமயத்தில் தகவல் சொல்ல அங்கே வழியில்லை, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இரண்டு வரி எழுதினேன்.

மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை இரவு கோப்பு வந்தது. 120 பக்கத்தையும் புரட்டி, கொம்பும் சுழியும் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தேன். 14 நாளுக்கு விடாமல் அன்றிரவே பணத்தை விடுவித்துவிட்டு, அவருடைய முதல் மதிப்புரையை எழுத உட்கார்ந்தேன்.