விரலில் 93

மார்ச் 4, 2024, திங்கள்

எங்கள் மருத்துவமனையில் இனவெறி பற்றிய பயிற்சி இன்று தொடங்கியது. மிச்சிகனுக்கு வந்து ஒன்பது வருஷமாகிறது. இதுவரை இந்த வகுப்பெல்லாம் கணினியில் பொத்தானை அழுத்தி முடிப்பதுதான். இன்று நேரில்.

பாடம் எடுத்த கறுப்பின நர்ஸ், வந்ததும் ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டரை, விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் கருவியை, எடுத்து மேசையில் வைத்தார். 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வைச் சொன்னார். கருவி 92 முதல் 96 வரை காட்டிய கறுப்பின நோயாளிகளில், 11.7 சதவீத அளவீடுகளில் ரத்தத்தில் ஆக்சிஜன் 88-க்கும் கீழே இருந்திருக்கிறது. வெள்ளையர்களிடம் அது 3.6 சதவீதம்தான். கருவி விரலுக்குள் ஒளியைப் பாய்ச்சி அளக்கிறது; தோலின் நிறமியும் அந்த ஒளியைக் கொஞ்சம் உறிஞ்சிவிடுகிறது.

கோவிட் சமயத்தில் 94-ஐப் பார்த்து எத்தனை பேரிடம் "பரவாயில்லை, பயப்படாதீங்க" என்று சொல்லியிருப்பேன். சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

இன்று வலியைப் பற்றி. 2016-ல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வில் கலந்துகொண்ட வெள்ளையின மருத்துவ மாணவர்கள், பயிற்சி மருத்துவர்களில் பாதிப் பேர், கறுப்பர்களுக்குத் தோல் தடிமன் என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது நம்பியிருக்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த நர்ஸ், "அவங்க வலியைக் கூட்டித்தான் சொல்வாங்க" என்றபோது தலையாட்டியிருக்கிறேன். வகுப்பில் எழுந்து அதைச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

மார்ச் 8, வெள்ளி

நேற்று இரவு டியூட்டி. எழுபது வயது கறுப்பினப் பாட்டி. விரலில் 93. "மூச்சு எட்ட மாட்டேங்குதும்மா" என்றார். மூச்சை எண்ணினேன், நிமிடத்துக்கு 28. மதுரையில் படித்தபோது வார்டு சிஸ்டர் சொல்லிக்கொண்டே இருப்பார்: "தோலைப் பார்க்காதே, நாக்கைப் பார்." டார்ச் அடித்துப் பார்த்தேன். நாக்கின் ஓரம் மங்கித் தெரிந்தது.

மருத்துவர் 93 போதும் என்றார். தமனி ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்று இரண்டு தடவை கேட்டேன். சரி என்றார். முடிவு 86.

ஆக்சிஜனைக் கூட்டினோம். விடியும்போது பாட்டி அசந்து தூங்கினார். ஷிஃப்ட் மாறும்போது, அடுத்து வந்தவளுக்கு இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்: விரலில் 93, ரத்தத்தில் 86.