ஒரு ஹார்ட் டிஸ்க், பதினெட்டு பேர்

என் லேப்டாப்புக்கு வயசு பதினொன்னு ஆச்சு. 4 ஜிபி ராம், 5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. பாஸ்வேர்ட் போட்டதும் டெஸ்க்டாப் என்னமோ டக்குனு வந்துரும், அங்கதான் ஏமாந்துடுவோம், ஆசையா பிரவுசரை கிளிக் பண்ணா அந்த நீல வட்டம் சுத்தும் சுத்தும் சுத்திகிட்டே இருக்கும், ஓரத்துல டிஸ்க் லைட்டு அணையாம எரியும், நான் பாட்டுக்கு எந்திரிச்சு போயி வேற வேலை பாத்துட்டு வருவேன். வயசாயிருச்சு, அப்படித்தான் இருக்கும்னு ரெண்டு வருஷமா அதை அப்படியே விட்டுட்டேன்.

போன வாரம் பொறுமை போயி கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்கி, உள்ள என்னென்ன ஓடுதுன்னு காட்டுற டாஸ்க் மேனேஜரை திறந்தேன். சிபியு 20 சதவீதம் கூட இல்ல, டிஸ்க் மட்டும் 100ல நிக்குது. விண்டோஸ் ஆரம்பிச்சதும் தானா ஓடுற ப்ரோக்ராம்களை காட்டுற ஸ்டார்ட்அப் டேபுக்கு போனா பதினெட்டு பேர் வரிசையா! எப்பவோ ஒரே ஒரு மீட்டிங்குக்கு போட்ட ஆப்பு, இப்ப என்கிட்ட இல்லாத பிரிண்டரோட சாஃப்ட்வேர், மூணு வேற வேற அப்டேட்டர், பாட்டு கேக்குற ஆப்பு... இதுல ஒன்னைக்கூட தானா ஸ்டார்ட் ஆகுன்னு நான் சொன்னதா ஞாபகமே இல்ல.

ஹார்ட் டிஸ்க் நிமிஷத்துக்கு 5400 சுத்துன்னா ஒரு சுத்துக்கு சுமார் 11 மில்லிசெகண்ட் ஆகும். படிக்கிற ஹெட்டு ஒரு நேரத்துல ஒரு இடத்துலதான் இருக்க முடியும். பதினெட்டு பேரும் ஒரே சமயத்துல எனக்கு இந்த ஃபைல் வேணும், எனக்கு அந்த ஃபைல் வேணும்னு கேட்டா அது அங்கயும் இங்கயும் ஓடியே நேரம் போயிரும், படிக்கிறது என்னமோ கொஞ்சம்தான். எஸ்எஸ்டின்னா சிப்புல சேமிக்கிற டிஸ்க், அதுல ஓடுற ஹெட்டே கிடையாது, அதனால அங்க இதே பதினெட்டு பேர் வந்தாலும் நமக்கு பெருசா தெரியாது.

அந்த டேப்ல ஸ்டார்ட்அப் இம்பாக்ட்னு ஒரு காலம் (column) இருக்கு. ஹைன்னு போட்டிருந்தா அந்த ப்ரோக்ராம் ஆரம்பிக்கிறப்ப சிபியுவை 1 செகண்டுக்கு மேல எடுத்துக்குது, இல்லன்னா டிஸ்க்ல 3 எம்பிக்கு மேல படிக்குது எழுதுதுன்னு அர்த்தம். எனக்கு அது போதல. காலம் தலைப்புல ரைட் கிளிக் பண்ணா ஸ்டார்ட்அப்ல டிஸ்க் எவ்வளவு எடுத்துச்சுன்னு தனி காலமே சேக்கலாம், பழைய மெஷினுக்கு பாக்க வேண்டியது அதைத்தான். அதுல பெரிய நம்பரா இருந்தவங்கள்ல இருந்து ஆரம்பிச்சு பதினோரு பேரை டிசேபிள் பண்ணேன். டிசேபிள்னா அன்இன்ஸ்டால் இல்லங்க, பயப்பட வேணாம், நாம ஐகானை கிளிக் பண்ணா எப்பவும் போல திறக்கும். நம்ம ஃபைலை நெட்ல ஏத்தி வைக்கிற கிளவுட் சிங்க் மட்டும் யோசிச்சு பண்ணுங்க, அதை நிறுத்திட்டா நாமளா திறக்குற வரைக்கும் ஃபைல் நெட்டுக்கு ஏறாது.

ஒரே மூச்சுல பதினொன்னையும் நிறுத்துனதுக்கு தண்டனையும் கிடைச்சுச்சு. ரீஸ்டார்ட் ஆனதும் டச்பேட்ல ரெண்டு விரல் வச்சு ஸ்க்ரோல் பண்ணா ஒன்னும் நகரல. பேரே புரியாத ஒரு எக்ஸ்இயை, அதாவது ப்ரோக்ராம் ஃபைலை, சும்மா குப்பைன்னு நினைச்சு தூக்கிருந்தேன், அதுதான் டச்பேட் டிரைவரோட ஆளு. பேர் தெரியலன்னா ரைட் கிளிக் பண்ணி ஓபன் ஃபைல் லொக்கேஷன் குடுங்க, எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு பாத்தாலே பாதி தெரிஞ்சுரும். இதை நான் முன்னாடியே பண்ணிருக்கணும்.

இவ்வளவுக்கு அப்புறமும் ஒரு அப்டேட்டர் மட்டும் போகல. லிஸ்ட்ல டிசேபிள்டுன்னு இருக்கு, ஆனா ப்ராசஸ்ல ஓடிகிட்டு இருக்கு! ஏன்னா அந்த டேப்ல தெரியறது, விண்டோஸ் தன்னோட செட்டிங்கை வச்சிருக்குற ரெஜிஸ்ட்ரியோட ரன் கீயும் ஸ்டார்ட்அப் ஃபோல்டரும் மாதிரி சில இடங்கள்தான், பின்னணில ஓடுற சர்வீஸாவோ, குறிச்ச நேரத்துல ப்ரோக்ராமை ஓட விடுற டாஸ்க் ஷெட்யூலர் வழியாவோ வர்றவங்க அதுல வரவே மாட்டாங்க. அதுக்கு இப்படி தானா ஓடுறவங்களை எல்லாம் காட்டுற, சிஸ்இன்டர்னல்ஸோட ஆட்டோரன்ஸ்னு ஒரு டூல் இருக்கு, இலவசம்தான், இப்ப மைக்ரோசாஃப்ட்டே குடுக்குது. திறந்ததும் வர்ற லிஸ்ட்டை பாத்தா தலை சுத்தும், முதல்ல ஆப்ஷன்ஸ்ல மைக்ரோசாஃப்ட் என்ட்ரிகளை மறைச்சுருங்க. மஞ்சள்ல தெரியற வரின்னா அது தேடுற ஃபைலே டிஸ்க்ல இல்லன்னு அர்த்தம், என் பிரிண்டர் மிச்சம் ரெண்டு அப்படித்தான் கிடந்துச்சு. டிக்கை மட்டும் எடுங்க, டிலீட்ல கை வைக்காதீங்க, டிக்குன்னா திரும்ப போட்டுக்கலாம். என் அப்டேட்டர் டாஸ்க் ஷெட்யூலர்லதான் ஒளிஞ்சிருந்துச்சு, லாகின் ஆனதும் ஒரு தடவை, அப்புறம் மணிக்கு ஒரு தடவைன்னு டைம் டேபிளே போட்டு வச்சிருந்தான்.

இன்னொன்னு, செட்டிங்ஸ்ல அக்கவுன்ட்ஸ் போயி சைன் இன் ஆப்ஷன்ஸ்ல ரீஸ்டார்ட் ஆப்ஸ்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அது ஆன்ல இருந்தா போன தடவை திறந்து வச்ச சில ஆப்புகள் திரும்ப வந்து நிக்கும். ஆஃப் பண்ணிருங்க.

பாஸ்வேர்ட் போட்டதுல இருந்து பிரவுசர்ல டைப் பண்ற வரைக்கும் ஃபோன்ல ஸ்டாப்வாட்ச் வச்சு பாத்தேன், முன்னாடி 4 நிமிஷம் 10 செகண்ட், இப்ப 1 நிமிஷம் 25. நேத்து அந்த மீட்டிங் ஆப்பு அப்டேட் ஆச்சு, இன்னைக்கு காலைல பாத்தா லிஸ்ட்ல திரும்ப எனேபிள்டு.