ஒன்றுமே இல்லாத கார்டு

கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்டு டவுனில், ஒரு பழைய குடோனைக் காலி செய்கிறோம், உள்ளே ஒரு கம்ப்யூட்டர் நிற்கிறது, என்னென்ன பாகம் இருக்கிறது என்று பார்த்துப் பட்டியல் எழுதித் தர முடியுமா என்று போன் வந்தது. பாண்டிச்சேரியில் முப்பது வருடமாக கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். பழைய பிசியாக இருக்கும், அதற்கு எதற்குப் பட்டியல் என்று நினைத்துக்கொண்டு, "பார்க்க எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "பீரோ மாதிரி இருக்கு சார்" என்றார். பீரோ என்றதும் மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிவிட்டேன். கடையில் வேலை பார்க்கும் டிப்ளமோ பையனையும் கூட்டிக்கொண்டேன்.

பீரோதான். குடோன்காரரின் அப்பா எப்போதோ சென்னையில் ஒரு ஏலத்தில் மொத்தமாக எடுத்த சாமான்களில் இதுவும் வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு நாள்கூட அவர்கள் அதை ஓட்டவில்லை. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயலில் கூரைத் தகடு பிய்த்துக்கொண்டு போனதாம். தண்ணீர் மேலே படவில்லை, ஆனால் உப்புக்காற்று விடுமா? கதவின் கீல் கையோடு வந்தது. முன் பலகையைத் துணியால் துடைத்தேன். டிஜிட்டல் எக்யூப்மென்ட் கம்பெனியின் பிடிபி-11/34ஏ என்ற மினி கம்ப்யூட்டர். பிடிபி-11 வரிசை தொடங்கியது 1970இல், இந்த 34 வந்தது 1976இல். பயிற்சிக் காலத்தில் இதன் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மெஷின் பக்கத்தில் ஆறு மாதம் நின்றிருக்கிறேன். ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்வதற்கு மேல் எதையும் தொட விடமாட்டார்கள்.

முன்னால் கால்குலேட்டர் போல ஒரு கீபேட். பையன் உற்றுப் பார்த்துவிட்டு, "எட்டும் ஒன்பதும் கழண்டு போச்சு சார்" என்றான். கழண்டு போகவில்லை. இந்த மெஷினிடம் எண்மக் கணக்கில்தான் பேச வேண்டும், 0 முதல் 7 வரை இருந்தால் போதும். அவனுக்கு அது சிரிப்பாக இருந்தது.

உள்ளே ஸ்லாட்டுகளில் செருகியிருக்கும் சர்க்யூட் பலகைகளைத்தான் கார்டு என்போம். அவற்றை அடையாளம் காண்பது பாதி சுலபம். கைப்பிடியிலேயே எண் இருக்கும். எம்8265, எம்8266 இரண்டும் சேர்ந்து பிராசசர். ஒரு சில்லு இல்லை, முறத்தளவு இரண்டு பலகை நிறைய ஐசி. எம்7856 வெளியே டெர்மினலோடு, அதாவது ஆள் உட்கார்ந்து தட்டுகிற கீபோர்டு பெட்டியோடு பேசுவது, கடிகாரமும் அதில்தான். அந்தக் கடிகாரம் தானாக ஓடாது. கரண்டில் வரும் 50 ஹெர்ட்ஸ் துடிப்பை எண்ணி எண்ணித்தான் நேரம் பார்க்கும். டிஸ்க் டிரைவ் ஆர்எல்02. அதில் போடுகிற பெட்டிக்குள் 14 அங்குலத் தட்டு ஒன்று, வீட்டில் தாம்பூலம் வைக்கிற தட்டு அகலம் இருக்கும். கொள்ளளவு 10 எம்பி. இன்றைக்கு போனில் எடுக்கிற இரண்டு மூன்று போட்டோ.

பையன் ஒரு கார்டைத் தூக்கிக் காட்டி, "சார், இதுல பன்னிரண்டு வோல்ட் ரெகுலேட்டரா வரிசையா வச்சிருக்காங்க" என்றான். வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு ஐசியின் முதுகிலும் 7812. எங்கள் தொழிலில் 7812 என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கரண்டைப் பன்னிரண்டு வோல்ட்டில் நிறுத்தி வைக்கிற ரெகுலேட்டர்தான். ஆனால் ரெகுலேட்டருக்கு மூன்று கால், இதற்குப் பதினாலு கால். "ஐசி பேர் மேல் வரியில இருக்கு பாரு. இது தேதிடா. 78ஆம் வருஷம், 12ஆம் வாரம்." அதற்கப்புறம் அவனுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. டார்ச் அடித்து ஒவ்வொரு கார்டிலும் கடைசி வாரம் எது என்று தேடினான். 7846 வரை கிடைத்தது. ஆக 1978 நவம்பருக்கு முன்னால் இந்தக் கார்டு முழுசாகியிருக்க முடியாது. 74 என்று தொடங்கும் ஐசிகளில் இன்னும் குழப்பம். 1974இன் 38ஆம் வாரத்தில் செய்த 7438இன் முதுகில் இரண்டு வரியும் ஒரே மாதிரி தெரியும். எது பேர், எது பிறந்த நாள் என்று நானே இரண்டு தடவை ஏமாந்தேன்.

இந்த மெஷினை வாங்க வரப்போகிறவருக்குக் கோர் மெமரி இருக்குமா என்று ஒரு ஆசை. எள்ளளவு ஃபெரைட் வளையங்களைக் கம்பியில் கோத்துப் பின்னிய பழைய நினைவகம் அது, கரண்ட் போனாலும் மறக்காது. ஸ்லாட்டில் தேடுவதற்கு முன் பவர் சப்ளையைத் திறந்தேன். கோர் என்றால் அதற்கென்று 20 வோல்ட் தருகிற, செங்கல் மாதிரி ஒரு பாகம் உள்ளே இருந்தாக வேண்டும். இதில் இல்லை. போனில் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

முதல் நாள் மாலையே கார்டுகளை இரண்டு குவியலாகப் பிரித்துவிட்டோம். எண் தெரிந்தவை ஒரு பக்கம், காயலாங்கடைக்குப் போக வேண்டியவை ஒரு பக்கம். காயலாங்கடைக் குவியலில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஆறு கார்டுகளும் போயின. ஜி727 என்று எண் இருந்தது. ஆனால் ஐசி இல்லை, ரெசிஸ்டர் இல்லை, ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு ஓடும் செம்புக் கோடுகள் மட்டும். தூசி போகாமல் ஸ்லாட்டை அடைக்க வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். நினைத்ததோடு விடாமல் பையனுக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்தேன்.

மறுநாள் பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து, கார்டுகளெல்லாம் செருகி நிற்கிற பேக்பிளேனைப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. ஆயிரக்கணக்கான ஊசிகளுக்கு நடுவே ஒவ்வொரு ஸ்லாட்டிலும் ஒரே இடத்தில் இரண்டு ஊசிகளை இணைத்து ஒரு குட்டிக் கம்பி. ஒரே ஒரு ஸ்லாட்டில் மட்டும் அந்தக் கம்பியைக் கழற்றியிருந்தார்கள். முன்னால் வந்து பார்த்தால் அந்த ஸ்லாட் காலி. அந்தக் கம்பி, பிராசசரைத் தொந்தரவு செய்யாமல் நேரே மெமரிக்குப் போக அனுமதி தருகிற வழி. அப்படிப் போகிற கார்டு இருக்கும் ஸ்லாட்டில்தான் கம்பியை எடுப்பார்கள். அப்படியானால் டிஸ்க்கை ஓட்டுகிற கார்டான டிஸ்க் கண்ட்ரோலர் அங்கேதான் இருந்திருக்கிறது. யாரோ எப்போதோ உருவிக்கொண்டு போயிருக்கிறார்கள். பட்டியலில் "டிஸ்க் கண்ட்ரோலர் - இல்லை" என்று எழுதினேன்.

அந்த ஒரு வழியை யோசித்ததும் அனுமதி போகிற மீதி நாலு வழியும் ஞாபகம் வந்தன. இந்த மெஷினில் பிராசசர் கொடுக்கிற அனுமதி கார்டு கார்டாகக் கை மாறித்தான் போகும். நெரிசலான கடலூர் பஸ்ஸில் பின்னால் நிற்பவருக்கு டிக்கெட் போய்ச் சேருகிற மாதிரி. தனக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளும், வேண்டாமென்றால் அடுத்த கைக்குக் கொடுக்கும். நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தால் டிக்கெட் அங்கேயே நின்றுவிடும். காலி இடத்தில் நின்று வாங்கிக் கொடுக்கிற கைதான் ஜி727. அது இல்லையென்றால் கோடியில் இருக்கும் டெர்மினேட்டர் கார்டு, தன்னிடம் அனுமதி வந்துவிட்டது என்று தப்பாக நினைத்துப் பதில் குரல் கொடுக்கும், மெஷின் அப்படியே உறைந்துவிடும். எவ்வளவு நல்ல பிராசசராக இருந்தாலும் சரி.

"அந்தச் சின்ன கார்டெல்லாம் எங்கடா?"

"நீங்கதானே சார் போடச் சொன்னீங்க. காலையிலேயே வண்டி வந்துட்டுப் போயிடுச்சு."

ஆட்டோ பிடித்துக் காயலாங்கடைக்குப் போனோம். பின்கட்டில் ஒரு பையன் தகரக் கத்தரியை வைத்துக்கொண்டு கார்டுகளின் தங்க முலாம் போட்ட விளிம்புகளை மட்டும் நறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான். அரிசிச் சாக்கைக் கொட்டித் தேடியதில் ஆறும் கிடைத்தன, இரண்டு நறுக்கப்பட்டு. விளிம்பு போன கார்டு எதற்கும் ஆகாது. இருந்தாலும் அந்த இரண்டையும் விட மனசு வரவில்லை.

கடைக்கார பாய் தராசில் வைத்துப் பார்த்தார், முள் அசையவில்லை. ஐம்பது ரூபாய் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, ஒரு கார்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல இன்னா சார் இருக்கு?"

"நாலு கோடு, பாய்."