கிண்ணத்தை முதல்ல கவுத்துப் பாருங்க

காரைக்குடிக்கு சென்னையில இருந்து யாராச்சும் வந்தா கானாடுகாத்தான் அரண்மனை, ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி எல்லாம் முடிச்ச கையோட கேக்குறது முனீஸ்வரன் கோயில் தெரு தான். பழைய சாமான் கடைங்க வரிசையா இருக்குற தெரு. பர்மா தேக்குத் தூண், மரவை, பித்தளை, எனாமல் கிண்ணம், தூசி புடிச்ச ரவி வர்மா படம்னு உள்ள போனா வெளிய வர மனசு வராது. கூட்டிட்டுப் போறது நான், பர்ஸை தொறக்குறது அவங்க, அதனால எனக்கு நிதானமா பாக்க முடியுது.

கடைக்காரர் எடுத்த எடுப்புல "150 வருஷப் பழசு சார், பெரிய வீட்டு அயிட்டம்"னு ஆரம்பிப்பாரு. அவரைக் குறை சொல்ல மாட்டேன், வீட்டுக்காரங்க விக்கும்போது சொன்ன கதையைத் தான் அவரும் சொல்றாரு, அவங்களுக்கு அவங்க பெரியவங்க சொன்னது. நான் ஒன்னும் பேசாம கிண்ணத்தை வாங்கிக் கவுத்து அடியைப் பாப்பேன். 'மேட் இன் செக்கோஸ்லோவேகியா'ன்னு முத்திரை இருந்துச்சுன்னா 150 வருஷக் கதை அங்கயே முடிஞ்சுது, ஏன்னா அப்படி ஒரு நாடே 1918ல தான் வந்துச்சு. ஜப்பான் கிண்ணமா இருந்து 'மேட் இன் ஆக்குப்பைடு ஜப்பான்'னு போட்டிருந்தா இன்னும் சுலபம், போர்ல தோத்து ஜப்பான் அமெரிக்காக்காரன் கையில இருந்த காலத்து சரக்கு, 1952ல அந்தக் காலம் முடிஞ்சிருச்சு. ரவி வர்மா அச்சுப்படமும் அப்படித்தான், அவர் பம்பாய்ல அச்சகம் ஆரம்பிச்சதே 1894ல.

இதுல இன்னொன்னு இருக்கு, நம்ம ஆளுங்க அங்க தான் சறுக்குவாங்க. முத்திரையைப் பாத்ததும் "அப்ப நூறு வருஷம் கன்ஃபார்ம்"னு குதிப்பாங்க. அட இருங்கப்பா, அந்த நாடு 1992 கடைசி வரைக்கும் இருந்துச்சு. 1918க்கு முந்தினது இல்லைன்னு மட்டும் தான் முத்திரை சொல்லுது, எப்ப செஞ்சதுன்னு சொல்லல. முத்திரை இல்லாத கிண்ணம் பழசாவும் இருக்கலாம், போன வருஷம் செஞ்சதாவும் இருக்கலாம். கையில இருக்குற சாட்சி எவ்வளவு சொல்லுதோ அவ்வளவு தான் எடுத்துக்கணும், மிச்சத்தை நம்ம ஆசை சொல்லுது.

அடுத்து காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடு. நெட்ல தேடுங்க, 1941ல கட்டினது, ஒன்னேகால் லட்சம் செலவு, 25 ரூம், ஆயிரம் ஜன்னல்னு வரிசையா வரும். முதல்ல வகுத்துப் பாருங்க, 25 ரூமுக்கு ஆயிரம்னா ரூமுக்கு 40 ஜன்னல். ஹால், தாழ்வாரம், வளவுன்னு நாங்க சொல்ற உள் முற்றம் எல்லாத்தையும் சேத்துக்கிட்டாலும் கொஞ்சம் இடிக்குதுல்ல. மதுரை ஆயிரங்கால் மண்டபத்துலயே 985 தூண் தான், நம்ம ஊர்ல ஆயிரம்னு சொன்னா நெறையன்னு எடுத்துக்கணும், அதுல ஏமாத்து ஒன்னும் கிடையாது. என் கவலை அந்த ஆயிரம் இல்ல. அந்தத் தகவல் இத்தனை சைட்ல வருதே, அப்ப சரியாத்தான் இருக்கும்னு வர்ற நெனப்பு தான். கொஞ்சம் உத்துப் படிச்சா எல்லா இடத்துலயும் அதே வரி, அதே வரிசை, சில நேரம் எழுத்துப்பிழை கூட அதே இடத்துல. இருபது பேர் சொல்லல, ஒருத்தர் சொன்னதை பத்தொம்பது பேர் வெட்டி ஒட்டியிருக்காங்க. அந்த ஒருத்தர் யாரு, வீட்டுக்காரங்களைக் கேட்டாரா, கணக்குப் புக்கைப் பாத்தாரா, அதை எவனும் எழுதல.

செட்டிநாட்டு சாப்பாடுன்னா நாக்கு எரியும்ங்கிறதும் இதே கதை தான். கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ வாசனை தான் எங்க சமையல், பந்தியில பால் பணியாரமும் கந்தரப்பமும் கவுனி அரிசியும் உண்டு, அதுல எங்கய்யா காரம்? எழுதுனவங்க ஹைவே ஹோட்டல்ல செவப்பு சாயம் போட்ட சிக்கன் சாப்ட்டிருப்பாங்க போல. சரி விடுங்க, இது என் வயித்தெரிச்சல்.

இப்ப நான் எழுத உக்காந்த விஷயத்துக்கு வரேன். எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல பெரியப்பா ஒரு ஃபார்வர்டு போட்டாரு, செட்டிநாட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சிருச்சு, ஒவ்வொரு தமிழனும் பகிரணும்னு. மேல ரெண்டு அம்புக்குறி. அந்த ரெட்டை அம்பு எதுக்குன்னு நெறைய பேருக்குத் தெரியறது இல்ல, அஞ்சு கை மாறுனதுக்கு அப்புறம் தான் அது வரும், 2020ல இருந்து அந்த மாதிரி மெசேஜை ஒரு நேரத்துல ஒரு சாட்டுக்குத் தான் அனுப்ப முடியும். அது பொய்னு அர்த்தம் இல்ல. அனுப்புனவருக்கும் எழுதுனவருக்கும் சம்பந்தம் இல்லைன்னு அர்த்தம். ஆனா கீழ பாத்தா குரூப்ல எல்லாரும் கைகூப்பிட்டு இருக்காங்க, பெரியப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு. பெரியப்பா எங்கய்யா சொன்னாரு, அவர் தள்ளி விட்டாரு.

உண்மை என்னன்னா அது முழுப் பொய்யும் இல்ல. 2014ல இந்தியா அனுப்பின தற்காலிகப் பட்டியல்ல செட்டிநாட்டு ஊருங்க இருக்கு, தமிழ் வணிகர்களோட கிராமத் தொகுப்புன்னு. தற்காலிகப் பட்டியல்ங்கிறது இதையெல்லாம் பின்னாடி பரிந்துரை பண்ணலாம்னு இருக்கோம்னு அந்தந்த நாடே எழுதிக் குடுக்குறது, யுனெஸ்கோ வந்து பாத்து மார்க் போட்டது இல்ல. அறிவிச்ச பட்டியல்னா மகாபலிபுரம் 1984ல வந்துச்சு, தஞ்சாவூர் பெரிய கோயில் 1987ல, 2004ல கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் சேந்துச்சு, ஊட்டி ரயில் 2005, 2025ல மராட்டியர் கோட்டைங்களோட நம்ம செஞ்சி. அதுல நாங்க இல்ல. பாக்க அஞ்சு நிமிஷம் ஆகாது, யுனெஸ்கோ சைட்லயே ரெண்டு பட்டியலும் தனித்தனியா இருக்கு. இந்தப் பாதி உண்மை தான் ரொம்ப தொல்லை, முழுப் பொய்யை எவனாச்சும் புடிச்சிருவான், இதுல தேடிப் பாக்குறவனுக்கும் யுனெஸ்கோ, செட்டிநாடு ரெண்டும் ஒரே பக்கத்துல கண்ணுல பட்டுரும், அடடா உண்மை தான்னு போயிருவான்.

எங்க ஐயா ஒரு செட்டியார் வீட்ல கணக்குப்பிள்ளையா இருந்தவர். ரங்கூன், பினாங்குல இருந்து கடிதாசி வந்தா முதல்ல தேதியையும் ஊரையும் தான் பாப்பாராம், சேதியை அப்புறம். கப்பல்ல வர்ற சேதி, எழுதுன அன்னைக்கு இருந்த விலை படிக்கிற அன்னைக்கு இருக்காதுல்ல. 1941 டிசம்பர் 23ல ரங்கூன்ல ஜப்பான்காரன் குண்டு போட்டப்புறம் அதுக்கு முன்னாடி தேதி போட்ட, "இங்க எல்லாரும் சௌக்கியம்"னு எழுதுன கடிதாசியை வச்சுக்கிட்டு என்ன பண்ண? எழுதுனது பொய் இல்ல, காலாவதி. நமக்கு வர்ற ஃபார்வர்டுல தேதியே இருக்காது, "இன்று முதல்"னு இருக்கும், அந்த இன்று எந்த வருஷத்து இன்றுன்னு ஆண்டவனுக்குத் தான் வெளிச்சம். நான் இப்ப அந்த மாதிரி எது வந்தாலும் அதுல ஒரு வரியை அப்படியே எடுத்து கூகுள்ல போட்டுப் பாப்பேன், பாதிக்கு மேல நாலஞ்சு வருஷத்துக்கு முன்னாடி சுத்துனது தான்.

பெரியப்பாவுக்கு குரூப்ல பதில் போடல. அவ்வளவு பேர் முன்னாடி அவரைத் திருத்துனா சேதி சரியாகும், மனுஷன் ஒரு மாசம் பேச மாட்டாரு, அப்புறம் நான் எதைச் சொன்னாலும் எடுபடாது. தனியா போன் பண்ணி "பெரியப்பா, அது தற்காலிகப் பட்டியலாம், பத்து வருஷத்துக்கு மேல அதுலயே தான் இருக்கோம்"னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்ல.

"அது கெடக்கட்டும், அந்தப் பட்டியல்ல ஊரு இருந்தா வீட்டை இடிக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்களா?"

அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு, அவர் அதை அத்தனை ஆசையா அனுப்புனது பெருமைக்கு மட்டும் இல்ல. பக்கத்து வீட்டுப் பங்காளிங்க பாகம் பிரிக்க முடியாம பேச்சு நடந்துட்டு இருக்கு, தூணைத் தனியா, கதவைத் தனியா விலை பேசிட்டாங்கன்னு ஊர்ல பேச்சு. தற்காலிகப் பட்டியல்ல பேரு இருக்குறதால மட்டும் எந்த வீட்டுக்கும் பாதுகாப்பு வராது பெரியப்பா, அது வீட்டுக்காரங்களோட சொந்தச் சொத்துன்னு சொன்னேன். "எத்தனை பேரு கையெழுத்து போடணும்?"னு கேட்டாரு. அதை மூலப் பத்திரமும் வில்லங்கமும் பாத்தா தான் தெரியும், நம்மளா சொல்லக் கூடாதுன்னேன். நாளைக்குப் போய் பாத்துட்டு வருவோம், நீ வண்டியை எடுத்துட்டு வந்துருன்னு வச்சுட்டாரு.