நாக் குழு வந்து போன பிறகு

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் (NAAC), எங்கள் கல்லூரிக்கு பி டபுள் பிளஸ் தரம் கொடுத்திருக்கிறது. வாசலில் ஃபிளெக்ஸும் கட்டியாயிற்று. இனி ஐந்து வருடம் நிம்மதி என்றுதான் ஸ்டாஃப் ரூமில் பேச்சு.

குழுவினர் கொடுத்த அறிக்கையின் கடைசியில் தர மேம்பாட்டுக்கான பரிந்துரைகள் இருக்கின்றன. அதைப் படித்தவர்கள் குறைவு. புள்ளி மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம்.

எங்களை மதிப்பிட்ட முறையில், பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளுக்கான 1000 புள்ளிகளில் கற்பித்தல், கற்றல், மதிப்பீட்டுக்கு மட்டும் 350. கட்டமைப்புக்கு 100தான். ஆனால் மேம்பாட்டுத் திட்டம் என்று உட்கார்ந்தால் முதலில் வருவது செமினார் ஹால், ஏசி, பெயிண்ட். தமிழ் மீடியத்திலிருந்து வரும் பிள்ளை முதல் செமஸ்டர் கணக்குத் தாளில் ஏன் அரியர் வைக்கிறாள் என்று யாரும் கேட்பதில்லை. பள்ளிப் பாடத்துக்கும் கல்லூரிப் பாடத்துக்கும் உள்ள இடைவெளியை நிரப்பும் பிரிட்ஜ் கோர்ஸ் காகிதத்தில் இருக்கிறது. மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர் எழுத வேண்டிய மென்டார் நோட்டோ, குழு வருவதற்கு முந்தைய வாரம் ஒரே பேனாவில் நிரம்பிவிடுகிறது (எல்லாக் கல்லூரியிலும் இதே கதைதானே?).

வருடாவருடம் அனுப்பும் தர அறிக்கையில், ஆண்டுத் தொடக்கத்தில் திட்டமிட்டது என்ன, நடந்தது என்ன என்று ஒரு அட்டவணை உண்டு. நாம் அதை வருடக் கடைசியில் உட்கார்ந்து, நடந்ததைப் பார்த்துத் திட்டத்தை எழுதுகிறோம்! அதை ஜூனிலேயே எழுதி, ஒவ்வொரு வேலைக்கும் ஒருவர் பெயரைப் போட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்த ஐ.க்யூ.ஏ.சி. (கல்லூரியின் உள் தர உறுதிக் குழு) கூட்டத்தில் இதைச் சொல்லப் போகிறேன். செமினார் ஹால் கேட்கிற துறைத்தலைவர் என் நெருங்கிய நண்பர் வேறு. பார்ப்போம்.